ஜாடியில் மிச்சம்

பெண்கள் சிறையில் அவளுக்குப் பெயர் கிடுக்கி. வேலை, தலையைப் பிடிப்பது.

மற்ற வார்டர்களுக்கும் ஆளுக்கொரு பாகம் உண்டு. ஒருத்திக்குக் கைகள், ஒருத்திக்குக் கால்கள். பெரிய வார்டரம்மாவுக்கு மடிமேல் ஏறி உட்காரும் வேலை. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்ய? நாற்காலியில் கட்டிய கைதியின் தலையைக் கிடுக்கி பின்னாலிருந்து அசையாமல் பிடித்துக்கொண்டால், டாக்டர் ரப்பர் குழாயை மூக்கு வழியாக இறக்குவார். மேலே புனல். அதில் பாலும் பச்சை முட்டையும் அடித்துக் கலந்த கரைசல்.

கைதி ஒரு பள்ளிக்கூட டீச்சர். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று மனு கொடுத்தாள், ஊர்வலம் போனாள், தொண்டை கிழியக் கத்தினாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மந்திரி வீட்டு ஜன்னலில் ஒரு கல்லை விட்டாள். கண்ணாடி உடைந்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. உள்ளே தள்ளினார்கள். அன்றிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

சிறைக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜாடியில் மிஞ்சுவது தலையைப் பிடித்தவளுக்கு. கடியும் வாந்தியும் அவள் கைக்குத்தானே முதலில் கிடைக்கிறது? கிடுக்கி அதைக் குடிப்பதில்லை. மூடி போட்ட தகர டப்பாவில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள். புருஷன் விட்டுவிட்டுப் போன வீட்டில் குச்சி மாதிரி ஒரு பெண் குழந்தை. இந்தப் பாலில்தான் அதன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

டீச்சர் ஒருநாள் டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குக்கா அது?"

கிடுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பொண்ணுக்கு."

"கொடு, கொடு. நான்தான் எச்சில் பண்ணலையே!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். கிடுக்கிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

இன்றைக்குக் காலையில் டாக்டர் அவசரத்தில் இருந்தார். மதியம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். டீச்சர் சாகக் கிடக்கிறாள் என்று பத்திரிகைகள் எழுதியதால் வந்த வினை. குழாயைத் தாங்காத உடம்பு என்று அவர் கண்ணில் பட்டால் வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நம்பிவிட்டால் நாளைக்கும் இதே நாற்காலி, இதே குழாய்.

"நல்லாப் பிடிக்கா. எனக்குக் கூசுது," என்றாள் டீச்சர்.

"வாயை மூடு," என்றார் டாக்டர். குழாயைச் சொருகினார். புனலில் ஊற்றினார்.

ஒரு வாய்தான் போயிருக்கும். டீச்சரின் உடம்பு வில்லாக வளைந்தது. உதடு நீலம் பாய்ந்தது. மூச்சுக்குப் பதில் நுரை வந்தது.

"ஐயா, நெஞ்சுக்குள்ள போயிடுச்சு!" கிடுக்கி அலறினாள்.

டாக்டர் குழாயை வெடுக்கென்று உருவினார். வைக்க இடம் பார்த்தார். கைக்கெட்டிய ஜாடிக்குள்ளேயே அதைப் போட்டார். டீச்சரைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார்கள். எப்படியோ ஒரு மூச்சு வந்தது. துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தத்தோடு.

டாக்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"கிடுக்கி, ஜாடியைக் காலி பண்ணு. இன்னிக்கு இவ தானாவே வாங்கிக் குடிச்சா. எல்லாரும் பார்த்தோம். என்ன?"

"ஆமாங்கய்யா," என்றாள் பெரிய வார்டரம்மா முதல் ஆளாக.

"நாளைக்குப் பேப்பர்ல பாருங்க. ஓட்டை விட்டாள், பாலைப் பிடித்தாள்!" டாக்டர் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார். கால்களைப் பிடித்தவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இன்னிக்கு உனக்கு முழு ஜாடிடி. யோகம்தான்," என்று பெரிய வார்டரம்மா கிடுக்கியின் விலாவில் இடித்தாள்.

டீச்சர் கண்ணைத் திறந்தாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. "அக்கா... நான் குடிக்கலை."

கிடுக்கி குழாயை எடுத்துப் போட்டுவிட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வார்டர் அறையில் ஜாடியை டப்பாவுக்குள் கவிழ்த்தாள். டப்பா விளிம்புவரை நிறைந்தது. இத்தனை பாலை அவள் பெண் ஒருநாளும் பார்த்ததில்லை. மூடியை எடுத்து வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

பாலின் மேல் ஒரு சிவப்பு இழை மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெளிந்தது, பிரிந்தது, ரோஜா நிறமாகக் கரைந்தது. குழாயின் நுனியிலிருந்த ரத்தம். டீச்சரின் ரத்தம்.

கிடுக்கி மூடியைக் கீழே வைத்தாள். மூலையில் போய்க் குனிந்தாள். வெறும் பித்தம்தான் வந்தது. இத்தனை நாளும் மூடியைத் திறந்து ஒழுங்காகப் பார்த்திருக்கிறாளா அவள்? யாருக்குத் தெரியும், இதற்கு முன்னாலும்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மதியம் அதிகாரி வந்தார். மூக்கில் வாசனைத் துணியை வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஆகாரம்?"

"தானா கேட்டு வாங்கிக் குடிச்சாங்க சார்," என்றார் டாக்டர். "ஜாடியைப் பாருங்க, சொட்டு மிச்சமில்லை. லேசான ஜலதோஷம். மத்தபடி கல்லு மாதிரி இருக்காங்க."

டீச்சர் தலையைத் தூக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"சரி, சந்தோஷம்," என்று அதிகாரி திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

கிடுக்கி டப்பாவோடு நின்றாள். யாரும் தடுப்பதற்குள் மேசைமேல் இருந்த காலி ஜாடியில் அதைக் கவிழ்த்தாள். பால் ஏறியது. பாதிக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அறை முழுக்க முட்டை நாற்றம். வெள்ளைப் பால் இல்லை அது.

"இவங்க குடிச்ச பால் இதுதாங்கய்யா. மிச்சம் இவங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. தலையைப் பிடிச்சவ நான். எனக்குத் தெரியும்."

அதிகாரி ஜாடியைப் பார்த்தார். டீச்சரின் உதட்டைப் பார்த்தார். துணியை மூக்கில் இன்னும் அழுத்தினார்.

"இவ இங்கே செத்தா என் தலை உருளும்யா," என்றார் டாக்டரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு. "உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நாசமாப் போக, வண்டி வரச் சொல்லு!"

இரக்கம் என்று ஒரு துளி அந்த முகத்தில் இல்லை. செருப்புக் காலால் எதையோ மிதித்துவிட்டவரின் முகம்தான் இருந்தது. போகிற போக்கில் கிடுக்கியைக் காட்டிக் கேட்டார்: "அரசாங்கப் பாலை டப்பாவில அடைச்சு வச்சிருக்காளே, இவ யாரு?"

விசாரணையும் தீர்ப்பும் அங்கேயே முடிந்தன. பால் திருடியதற்காக வேலை போயிற்று.

"எல்லாரும்தானே பிடிச்சோம்," என்று பெரிய வார்டரம்மா காதோரம் சீறினாள். "நீ மட்டும் என்னடி பெரிய உத்தமி?"

"உத்தமி இல்லை. உவ்வேன்னு வருது, அவ்வளவுதான்," என்றாள் கிடுக்கி.

ஸ்ட்ரெச்சர் போன அதே வாசல் வழியாகத்தான் அவளும் வெளியே வந்தாள், சீருடையைக்கூட மாற்றாமல். வெளியே டீச்சரோடு ஊர்வலம் போன கூட்டம் காத்திருந்தது. டீச்சர் கிடுக்கியைப் பார்த்துக் கையை மெல்லத் தூக்கினாள். ஏதோ சொல்ல வந்தாள். தொண்டை ஒத்துழைக்கவில்லை.

"இவளா?" என்று கேட்டாள் ஒருத்தி. "உன்னை அமுக்கிப் பிடிச்சது இவளா?"

டீச்சர் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அந்தக் களேபரத்தில் யார் கண்டார்கள்? எச்சில் வந்து கிடுக்கியின் கன்னத்தில் விழுந்தது. கேட்ட கேள்வியில் பொய் ஒன்றும் இல்லையே. அவள் நடந்தாள்.

தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

"பால் எங்கேம்மா?" குழந்தை வாசலிலேயே கேட்டது.

"இனிமே கிடையாதும்மா."

இருந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினாள். குழந்தை வழக்கம்போல மடியில் வந்து சாய்ந்தது, தலையைப் பின்னால் போட்டு வாயை ஆவென்று திறந்தது. அந்தத் தலையைத் தாங்கக் கை தன்னால் எழுந்தது. பாதியில் நின்றது.

குழந்தையைத் தூக்கி எதிரே உட்காரவைத்தாள். கரண்டியை அதன் கையில் கொடுத்தாள்.

"நீயே குடிம்மா," என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லு."