ஒத்துக்கறோம் சார்

யாஷ் பல்கலைக்கழகத்தில் 'கேள்வி கேட்கக் கற்போம்' என்ற இணைய வகுப்பை நடத்திவந்த ஒக்டாவியன் பிரிசகாருவுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அதைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை, அவரும் கேட்டதில்லை.

திங்களன்று துறைத்தலைவி கொர்னேலியா போன் செய்தார்.

"மூணு வருஷத்துல ஒரு பிள்ளையாவது உங்களை மறுத்து எழுதியிருக்கா? வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு விவாதப் பலகையைப் பாப்பேன். ஒரே ஒரு மறுப்பு இருக்கணும். இல்லேன்னா வகுப்பை மூடிருவேன்."

"ஒண்ணு என்ன மேடம், ஒன்பது காட்டறேன்."

அன்றே வேண்டுமென்று ஒரு பொய்யைப் பலகையில் போட்டார்: 'ரோமர் வருமுன்பே நம் டாசிய மூதாதையர் மமலிகா தின்றுதான் வீரர்களானார்கள்.' மமலிகா என்பது மக்காச்சோளக் களி. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்து சேர, அந்நாட்டின் ஆதிகுடிகளான டாசியர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பசியோடு காத்திருந்திருக்க வேண்டும். எவனாவது பாய்வான் என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"பெருமையா இருக்கு சார்!"

"முதல்முதல்ல கிண்டினதே எங்க ஊர்லதான் சார்."

"ஆழமான கருத்து."

மூதாதையரை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை. வியாழனுக்குள் முப்பத்தொரு பேர் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி பதினொன்றரைக்கு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் செவஸ்டிட்சா எழுதினாள்: "நான் ஒத்துக்க மாட்டேன் சார்."

ஒக்டாவியன் துள்ளி எழுந்தார். மீதியைப் படித்ததும் உட்கார்ந்தார்.

"களி விஷயம் நீங்க சீண்டறதுக்குப் போட்டது, தெரியும். நான் மறுக்கறது உங்க புத்தகத்தோட முதல் வரியை. மனுஷன் மூளையில பத்து சதவீதம்தான் பயன்படுத்தறானா? எந்த ஆராய்ச்சி சார்? நான் ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கறவ. மூளை முழுசாத்தான் வேலை செய்யுது. உங்களுதும்னு நம்பறேன்."

நான்கு பதிப்பு கண்ட புத்தகம். ஆதாரத்தை யோசித்துப் பார்த்தார். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது புரட்டிய வாரப்பத்திரிகை.

அழித்துவிட்டால் புத்தகம் பிழைக்கும், வகுப்பு சாகும். அழிக்கும் பொத்தான்மேல் விரல் பத்து நிமிஷம் நின்றது. பிறகு விரலை எடுத்துவிட்டு எழுதினார்: "நீங்கள் சொல்வது சரி. தவறு என்னுடையது. ஆதாரம், பல் டாக்டர் வீட்டு வாரப்பத்திரிகை."

பன்னிரண்டுக்கு கொர்னேலியா கூப்பிட்டார். "மறுப்பைப் பாத்தேன். வகுப்பு நடக்கட்டும். ஆனா அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினது நானாச்சே!"

"நீங்க படிச்சுட்டுத்தானே மேடம் எழுதினீங்க?"

"ஒரு பத்து சதவீதம்."

போனை வைத்துவிட்டுப் பலகைக்குத் திரும்பினார். அதற்குள் முப்பத்தொரு பதில்கள் வந்திருந்தன.

"ஒத்துக்கறோம் சார். நீங்க சொன்னது தப்புதான். ஆழமான கருத்து."