உள்ளூர் டியூட்டி

அப்பாவின் கால்களைக் குருவி பிடித்துக்கொண்டாள். தலைப்பக்கத்தைச் சித்தப்பா பிடித்தார். கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது, காலமெல்லாம் பிரேக்கை மிதித்த கால் இத்தனை இலேசாகிவிட்டதா என்று அவளுக்குத் திக்கென்றது. வாசலில் மருத்துவக் கல்லூரி வண்டி காத்திருந்தது.

அப்பா தொலைதூர பஸ் ஓட்டுநர். விடியற்காலையில் உயிர் பிரிந்திருந்தது. தன் உடலை உள்ளூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். சித்தப்பாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதற்கு அப்பா உயிரோடு இருந்தபோதே பதில் சொல்லியாகிவிட்டது.

“பத்தாவதுலயே கோட்டை விட்டவன்டா நான். எனக்குக் கூப்பிட்டு மெடிக்கல் காலேஜ்ல சீட் கொடுக்குறாங்க. வயித்தெரிச்சல் படாத.”

அந்த எண்ணம் அவருக்கு வந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். ஊசி போட வந்த பயிற்சி டாக்டர் பெண்ணுக்கு நரம்பு அகப்படவில்லை. திரும்பத் திரும்பக் குத்தியும் தவறிப்போய் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா சண்டைக்குப் போவதற்குள் அப்பா மறு கையை நீட்டினார். “பதறாம குத்தும்மா. நான் மொத நாளு பஸ்ஸை டெப்போ சுவத்துல கொண்டுபோய் விட்டவன். கழிச்சுப் போட்ட பழைய வண்டி ஒண்ணக் கொடுத்து, அதுலதான் என்னைப் பழக்குனாங்க.” சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்தப் பெண்ணிடமே, உடலைக் கொடுப்பதென்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். தனக்கு வலிக்கும்போதும் பிறருடைய நடுக்கம் தெரிகிற கண்ணை ஆண்டவன் எல்லாருக்கும் கொடுத்துவிடுவதில்லை.

குருவிக்கு டாக்டருக்குப் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று இதே உள்ளூர்க் கல்லூரி. மற்றது ஓர் இரவு முழுக்கப் பயணம் போக வேண்டிய பெரிய கல்லூரி. குழந்தை வைத்தியத்துக்குப் பேர்போனது. அவள் மனம் அங்கேதான் கிடந்தது. அப்பா படுத்த பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவை ஒற்றையாக விட்டுவிட்டு எப்படிப் போவது? உள்ளூரே போதும் என்று காலையில் முகம் கழுவும்போதே தீர்மானித்துவிட்டாள்.

வண்டியோடு ஒரு பேராசிரியை வந்திருந்தார். ஆறுதல் சொன்னவர், என்ன படிக்கிறாய் என்று அவளைக் கேட்டார். அவள் விவரம் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ எங்ககிட்ட சேர்றதா இருந்தா, அப்பாவ வேற காலேஜுக்கு அனுப்பிடுவோம்மா. படிக்கிற பிள்ளைங்களோட சொந்தக்காரங்கள எங்க மேசையில வைக்கிறதில்ல.”

எந்தக் கல்லூரிக்கு என்று கேட்டாள். அவர் சொன்னது அந்தப் பெரிய கல்லூரியைத்தான்.

அப்பா, மகள் இருவரில் ஒருவர்தான் இந்த ஊரில் இருக்க முடியும். குருவி யார் முகத்தையும் பார்க்காமல், தான் இங்கேயே சேர்வதாகவும் அப்பாவை அங்கே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள்.

அம்மா அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். வகிடு நேராக வரும்வரை நிமிரவில்லை.

“உங்கப்பாவுக்கு உள்ளூர் டியூட்டி கிடைச்சதே இல்ல,” என்றாள். “ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கேப்பாரு. முறை வந்ததும், கைக்குழந்தை இருக்குற டிரைவர் யாருக்காவது விட்டுக்கொடுத்துட்டு வந்து நிப்பாரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பாரு.” சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். “இப்பவாவது இங்க இருக்கட்டும். நீ போய்ட்டு வா.”

“நீ தனியா இருப்பியேம்மா.”

“தனியா எங்கடி? அவரு ரெண்டு ஸ்டாப்பிங் தள்ளித்தான இருக்கப் போறாரு.”

பேராசிரியை ஜாடை காட்ட, ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். அம்மா அப்பாவின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடிப் பிரார்த்தித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டு, வண்டிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தியவர் சித்தப்பாதான்.

மாலையில் குருவி பெரிய கல்லூரிக்கு வருவதாகப் பதில் அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். அம்மா அலமாரி மேலிருந்து பெரிய பை ஒன்றை இறக்கிக் கட்டிலில் வைத்திருந்தாள். அதன் ஜிப் இறுகிப்போய் நகர மறுத்தது. அம்மா குளியலறையிலிருந்து தேய்ந்த சோப்புத் துண்டை எடுத்துவந்து, ஒவ்வொரு பல்லாக, இரண்டு பக்கமும் தேய்த்தாள். ஒரு தடவை திறந்து பார்த்தாள். ஒரு தடவை மூடிப் பார்த்தாள்.