பூசையில் வைத்த பதக்கம்

எங்கள் வீட்டு மனிசனுக்கு இரண்டு சாமி. ஒன்று பிள்ளையார், மற்றது சிலோன் ஆமி கொடுத்த நீண்டகால சேவைப் பதக்கம். சண்டிலிப்பாயில் புகையிலை நடுகிற ஆட்களுக்குள்ளே தியத்தலாவை முகாமில் சார்ஜன்ட்டாக இருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். அந்தப் பெருமை தாங்க முடியாது! டிஸ்சார்ஜ் கடதாசியைக் கறையான் தின்றதற்குக்கூடக் கவலைப்படாதவர், ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மண்வெட்டி, கத்தியோடு பதக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டு உரஞ்சி, சந்தனம் குங்குமம் அப்பி, சாமியறையில் வைத்துக் கும்பிடுவார்.

"உது என்ன ஆயுதமோ? பதக்கத்துக்கும் பூசையோ?" என்று நான் நக்கலடிப்பேன்.

"நாடு தந்தது. சும்மாவோ?" என்று முகத்தைத் தூக்குவார்.

எண்பத்துநாலாம் ஆண்டு, விஜயதசமிக்கு அடுத்த நாள் காலை, ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. இளம் பொடியள் எல்லாரையும் பிடித்து ட்ரக்கில் ஏற்றுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பத்மாவதி வேலிக்கு மேலால் கத்தினாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, சீவரத்தினம். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். நான் இவரிடம் ஓடினேன்.

"பின்வளவாலை ஓடச் சொல்லுங்கோ!"

"ஓடினால்தான் சுடுவாங்கள். இவன் ஆமிக்காரன்ரை பிள்ளை. நான் கதைக்கிறன்," என்றார். சாமியறைக்குள் போய்ப் பதக்கத்தை எடுத்துவந்து மகனின் வெள்ளைச் சட்டையில் குத்திவிட்டார்.

"அப்பா, வேண்டாம்."

"நெஞ்சை நிமித்தடா தம்பி."

படலையைத் தள்ளிக்கொண்டு வந்த அதிகாரிக்கு இவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். தன் படைப்பிரிவு, நம்பர் எல்லாம் சிங்களத்தில் சொன்னார். தியத்தலாவையில் குடியிருந்த காலத்தில் என் காதிலும் அந்தப் பாஷை ஏறியிருந்ததால் எல்லாம் விளங்கியது. அதிகாரி முதலில் சிரித்தான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு பதக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். ரிப்பனில் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"இது யாருடைய இரத்தம்?"

குங்குமம் என்றார் இவர். பூசையில் வைத்தது என்றார்.

"பதக்கத்துக்குப் பூசையா?"

ஐயோ, நானும் வருஷாவருஷம் அதைத்தானே கேட்டேன்!

"விளிம்பில் என் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கிறது, பாருங்கள்," என்றார் இவர். அதிகாரி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இவரிடமே நீட்டினான். இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். ஒரு எழுத்தும் இல்லை. உரஞ்சி உரஞ்சித் தன் பெயரைத் தானே தேய்த்துவிட்டிருந்தார், பாவி மனிசன்.

"எங்கள் ஆளைக் கொன்று கழற்றியிருக்கிறாய்," என்று அதிகாரி என் பிள்ளையின் கன்னத்தில் அறைந்தான். கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

"அம்மா, நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா!"

அதிகாரியின் சப்பாத்துக் காலில் விழுந்து கத்தினேன். யார் கேட்டார்கள்? அதிகாரி பதக்கத்தை இவர் கையிலிருந்து பிடுங்கி, கைலேஞ்சித் துணியில் பக்குவமாகச் சுற்றி வைத்துக்கொண்டு, செத்துப்போன யாரோ ஒருவனுக்காக நேராக நின்று சல்யூட் அடித்தான்.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளையை ட்ரக்கில் தூக்கிப் போடுகிறார்கள். இவருடைய வலக்கை தானாக எழும்பி நெற்றியில் நிற்கிறது.

"கையை இறக்குங்கோ!" என்று அந்தக் கையில் தொங்கினேன். "அங்கை போறது எங்கடை பிள்ளை!"

ட்ரக் ஒழுங்கை முடக்கில் திரும்பிவிட்டது. கை இறங்கவில்லை.