சருகு ஒதுங்கிய இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. அமெரிக்காவில், அலமீடா கடற்கரையில் பேப்பர் தட்டில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னது. "இத எங்கியும் எழுதிப் போட்ராதீங்ணா" என்றாள். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, காலில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டாமல் முதல் வரியை எழுதினேன்.

அந்த முதல் வரி: "மத்தியதரைக் கடல் தன் நீல முந்தானையை விரித்து—"

[அடித்துவிட்டேன். அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. முந்தானையும் பழசு.]

இரண்டாவது: "கடலின் ரகசியங்களை அவள் காகிதத்தில்—"

[காகிதமே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில். இதுவும் போகட்டும்.]

மூன்றாவது தடவை உண்மையையே எழுதிப் பார்த்தேன். பிளசன்டனில், ஃப்ரீவே இரைச்சல் கேட்கும் அபார்ட்மென்ட் ஒன்றின் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, ராமாத்தாள் என்கிற பெண் தான் ஒருமுறைகூடக் கால் நனைக்காத ஒரு கடற்கரைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். சுமாரான வரிதான். ஆனால் பெயரைத் தவிர இதில் பொய் எதுவும் இல்லை.

2

பெயர் விஷயம். முதல் பிரதியில் அவளுக்குக் கயல் என்று வைத்திருந்தேன். கடல் கதையில் மீன் பெயரா என்று வாசகர் முகம் சுளிப்பாரே என்று பயந்து வெண்பா என்று மாற்றினேன். அது இன்னும் மோசம். கடைசியில் அவளே ஒரு பெயர் சொன்னாள். எப்போது, ஏன் என்பது பின்னால் வருகிறது.

வயது முப்பத்தைந்து. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். கணவன் சபரிநாதனுக்கு அக்டோபரில் வேலை போய்விட்டது. அவனும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் இந்த நாட்டில் இருப்பது ராமாத்தாளின் எச்-ஒன்-பி வேலை விசாவை நம்பித்தான். அவள் வேலையும் போனால் மூவருக்கும் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்டவேண்டியதுதான்.

[இந்த விவரத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் சஸ்பென்ஸ் கூடுமே என்று யோசித்தேன். ஆனால் இங்கே வாழ்கிறவர்களுக்கு இது சஸ்பென்ஸ் இல்லை. பல் தேய்க்கும்போதே ஞாபகம் வருகிற விஷயம்.]

3

இப்போது கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டேன்.

அவளுடைய சின்னக் கம்பெனிக்கு மத்தியதரைக் கடலில் ஏதோ ஒரு தீவின் நகராட்சி வேலை கொடுத்திருந்தது. ஒரே ஒரு கடற்கரை, இரண்டு கிலோமீட்டர் நீளம். மணல்மேடுகள் எங்கே இருக்கின்றன, கரையில் படிந்திருப்பது கூழாங்கல்லா பொடிமணலா, தண்ணீருக்கு அடியில் கடற்புல் எங்கே உயிரோடு இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே படத்தில் காட்டவேண்டும். ட்ரோன் மேலிருந்து எடுத்த படங்களும், படகு இழுத்துக்கொண்டு போன, ஒலியால் கடலடியைப் படம்பிடிக்கும் சோனார் கருவியின் படங்களும் அவளுக்கு வந்து சேரும். அவள் எல்லை வரைந்து நிறம் கொடுப்பாள். மணலுக்கு மஞ்சள், பாறைக்குப் பழுப்பு, உயிருள்ள புல்லுக்குப் பச்சை, செத்த புல்லுக்குச் சாம்பல்.*

* கடற்புல் பாசி இல்லை. தோட்டத்துப் புல்லைப் போலவே வேர் உண்டு, பூ உண்டு. மீன்குஞ்சுகள் அதற்குள்தான் ஒளிந்து வளரும். இந்த வகைப் புல் வருஷத்துக்கு ஒரு விரலளவுதான் பரவுமாம். ஒரு நங்கூரம் ஐந்து நிமிஷத்தில் பிய்த்துப் போட்டது திரும்ப வளர நம் ஆயுசு போதாது. (இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. எனக்குத் தெரிந்த புல் மாரியட் ஹோட்டலுக்கு முன்னால் இருப்பது மட்டும்.)

சிக்கல் எங்கே என்றால், உயிருள்ள புல்லும் செத்த புல்லின் வேர்க்கட்டும் சோனாரில் கிட்டத்தட்ட ஒரே கருப்பாகத் தெரியும். கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தால்தான் உறுதி. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிட்ட, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு திட்டுகளில் மட்டும் கேமரா இறக்காமல் விடுபட்டுப்போனது. ஒன்றில் புல் உயிரோடு இருக்கிறது, மற்றதில் செத்துவிட்டது என்று பழைய அறிக்கை சொன்னது. எதில் எது என்று சொல்லவில்லை.

ராமாத்தாள் ட்ரோன் படத்தைப் பார்த்தாள். பதினேழுக்கு நேர் எதிரே, கரையில், காய்ந்த புல் இலைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பதினெட்டுக்கு எதிரே சுத்தமான மணல். அவள் தோப்பில் வளர்ந்தவள். மட்டை எந்த மரத்தடியில் கிடக்கிறதோ அந்த மரத்திலிருந்து விழுந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினேழுக்குப் பச்சை, பதினெட்டுக்குச் சாம்பல். மேனேஜர் பாராட்டினார். சாம்பல் நிறத் திட்டில்தான் புல் செத்துவிட்டதே, சுற்றுலாப் படகுகளைக் கட்டிவைக்கும் கான்கிரீட் கட்டைகளை வசந்த காலத்தில் அங்கே இறக்கிவிடலாம் என்று நகராட்சி முடிவு செய்தது.

4

ஜனவரியில் ஒரு ஞாயிறு. அவள் குடும்பமும் என் குடும்பமும் அலமீடாவுக்குப் போயிருந்தோம். அங்கேயும் கரையைத் தாண்டிக் கடற்புல் உண்டு. தட்டோடு நடந்துகொண்டிருந்த ராமாத்தாள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். காலடியில் ஈரப் புல் இலைகள் குப்பலாகக் கிடந்தன.

நான் உடனே மனதுக்குள் எழுதினேன்: "தூரத்துத் தாய்மண்ணின் நினைவு அவளைக் கடலோரம்—"

[வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் விட்டுவைக்கிறேன். எழுதுகிறவர்கள் எவ்வளவு தப்பாகக் கவனிக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியட்டும்.]

"என்னம்மா, சாப்பாடு ஆறுது?"

"அண்ணா, இந்தப் புல்லு எங்கிருந்து வந்துச்சு?"

"கடல்லேர்ந்துதான்."

"இந்த எடத்துக்கு நேரா புல்லே இல்லீங்ணா. நான் மேப் பாத்திருக்கேன். புல்லு அந்தக் கடைசிக் கோடியில இருக்குது. அல தள்ளிக்கிட்டு வந்து இங்க ஒதுக்கிருக்குது." தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். "தோப்பு மாதிரி நெனச்சுட்டனுங்ணா. ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேன்."

மகள் ஓடிவந்து, "அம்மா, ஆர் யூ க்ரையிங்?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி. கண்ணுல மண்ணு விழுந்துருச்சு."

அப்புறம்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் மதியத்துக்குள், அந்தத் தீவில் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்ற விவரத்தையும் பழைய படங்களையும் எடுத்துச் சரிபார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். சந்தேகமே இல்லை. உயிரோடு இருப்பது பதினெட்டு.

"சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"இந்த மாசம் எங்க டீம்ல ரெண்டு பேர லே-ஆஃப் பண்றாங்க. லிஸ்ட் இன்னும் ஃபைனல் ஆகல. இப்பப் போயி, டெலிவர் பண்ணுன மேப் தப்புன்னு நானே மெயில் போட்டா?"

"சொல்லாட்டி?"

"யாருக்கும் தெரியாதுங்ணா. கட்டைய எறக்குவாங்க, புல்லு செத்துரும். அதுக்கப்பறம் என் மேப் கரெக்ட் ஆயிரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் இரண்டு நாள் பெருமையோடு திரிந்திருப்பேன். அவள் சொன்னபோது குறித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

5

சில முடிவுகள்.

அவள் தவறை ஒப்புக்கொள்கிறாள். மேனேஜர் எழுந்து நின்று, "உங்களைப் போன்றவர்கள்தான் இந்தக் கம்பெனிக்கு வேண்டும்" என்று பதவி உயர்வு கொடுக்கிறார். [ஒரு நாளாவது கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.]

அவள் வாயைத் திறப்பதில்லை. கிரீன் கார்டு வருகிறது. பத்து வருஷம் கழித்து அந்தத் தீவுக்குச் சுற்றுலா போய், படகில் உட்கார்ந்து தண்ணீரைக் குனிந்து பார்க்கிறாள்— [அழவைப்பது சுலபம். அவளை அழவைக்க நான் யார்?]

மெயிலை அனுப்புகிற அதே காலையில் சபரிநாதனுக்குக் குபெர்டினோவில் வேலை கிடைக்கிறது. [எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. அதனால்தான் அடித்தேன்.]

நான்காவது முடிவு எழுதும்போது மனசாட்சி உறுத்தி, எழுதிய எல்லாவற்றையும் அவளுக்கே அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஏனுங்ணா, எழுதாதீங்கன்னு சொன்னனல்ல? சரி, எழுதியாச்சு. எங்கியும் அனுப்பறதுக்கு முன்னால என்னையக் கேளுங்க. பேரையும் மாத்துங்க. கயலாமா, கயலு. ராமாத்தாள்னு வைங்க. என் வயசுல அந்தப் பேரு அமெரிக்கால ஒருத்திக்கும் இருக்காது, என்னைய யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்பறம்... இத்தன எழுதறீங்கள்ல? எனக்கு ஒரு மெயில் எழுதிக் குடுங்ணா."

6

சனிக்கிழமை காலை அவள் வீட்டு டைனிங் டேபிள். சபரிநாதன் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். நான் லேப்டாப்பில் "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"யாரோ செத்துட்ட மாதிரி இருக்குதுங்ணா."

கேமரா இறக்காததால் நேர்ந்த பிழை என்று மாற்றினேன்.

"கேமரா என்ன பண்ணுச்சு? நிறம் குடுத்தது நானுங்க."

கதைக்கு மூன்று தொடக்கம் எழுதியவனுக்கு ஒரு மெயிலுக்கு ஒன்றுகூட அமையவில்லை. பேசாமல் இருந்துவிடேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவும் சொன்னேன்: "வசந்தத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா. லிஸ்ட் வந்தப்புறம் சொன்னா என்ன?"

"அதுக்குள்ள காண்ட்ராக்ட் சைன் பண்ணிருவாங்க. கட்டைய வார்த்துருவாங்க. எனக்கும் இவங்களக் கூட்டிட்டு எங்க போறதுன்னு பயமாத்தான் இருக்குது."

அடுப்படியிலிருந்து சபரிநாதன் திரும்பினான். "அறுபது நாள்ல எனக்கு வேல கெடைக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

அவன் குரலில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு நாலு வரி எழுதினாள். பதினேழும் பதினெட்டும் மாறிவிட்டன. தவறு என்னுடையது. பதினெட்டில் புல் உயிரோடு இருக்கிறது. கட்டைகளை அங்கே இறக்கவேண்டாம்.

அனுப்பும்போது அவள் விரல் நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லை. தோசை தீய்ந்த வாசம் வந்தது. சபரிநாதன் ஓடினான்.

7

இந்தக் கதை இப்போது உங்கள் கையில் இருப்பதால், அவள் அனுமதித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் மாதம் வாட்ஸப்பில் கேட்டேன், பதில் வந்தது. அது பிளஸ் ஒன்று என்று தொடங்கும் அமெரிக்க எண்ணிலிருந்து வந்ததா, பிளஸ் தொண்ணூற்றொன்று என்று தொடங்கும் இந்திய எண்ணிலிருந்து வந்ததா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்?

எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால், அவள் செய்தது சரியா தப்பா என்பதை அந்த எண்ணை வைத்துத் தீர்மானித்துவிடுவீர்கள். வேண்டுமானால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிளசன்டனோ, கோபியோ, உங்கள் இஷ்டம்.

என் கதையையும் இங்கேயே, உங்கள் இஷ்டம் என்ற இடத்திலேயே முடித்துத்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் பதில் இதுதான்:

"போடுங்ணா. என்னையப் பத்தி அவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும். ஆனா கட்டைய எங்க எறக்குனாங்கன்னு எழுதிருங்க. அத மட்டும் படிக்கறவங்க கையில உட்றாதீங்க."

பதினேழில் இறக்கினார்கள்.