நாலாம் நம்பர் படக்கதை

ஜைனுதீன் பினாங்கில் கப்பல் ஏறிவிட்டார் என்று சேதி வந்த நாளிலிருந்து ஜொஹரா பீவிக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷம் கழித்துப் புருஷன் வருகிறார், சந்தோஷத்தில் பசிக்கவில்லை போல என்று ஆலங்குடியில் அக்கம்பக்கத்தார் கேலி பேசினார்கள். வாய் இருக்கிறது, பேசுவார்கள். அவர் கப்பலேறிப் போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஜொஹராவுக்கு நாலு மாசம். பிறந்தது பெண், பெயர் ஜன்னத். ஒன்பது வயசில் ஒரு காய்ச்சல் வந்து அதைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சேதியும் அவருக்குக் கடுதாசியில்தான் போயிற்று. பெற்ற தகப்பன் மகளை நேரிலும் பார்த்ததில்லை, போட்டோவிலும் பார்த்ததில்லை. வந்து இறங்கியதும் முதலில் என்ன கேட்பார் என்று ஜொஹராவுக்குத் தெரியாதா?

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று மனுஷர் கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். இவள்தான் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். உருவம் பிடிப்பது மார்க்கத்தில் ஆகாது என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார். வளர்கிற பிள்ளையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று தெருவில் சொன்னார்கள். போட்டோ பிடிக்காமலே ஆயுசு குறைந்துபோயிற்று. சொன்னவர்களைப் போய் இப்போது சட்டையைப் பிடித்துக் கேட்க முடியுமா?

இவளே வாயால் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. கண்ணை மூடினால் ஜன்னத்தின் குரல் வந்தது, நடை வந்தது, பாவாடையின் கிழிசல்கூட வந்தது. முகம் மட்டும் வரமாட்டேன் என்றது. பெற்றவளுக்கே மறக்குமா என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். மறந்துதான் போயிருந்தது. தம்பியைக் கேட்டால் அவனுக்கும் அதே கதைதான்.

ஆனால் உலகத்தில் எங்கேயோ ஒரு படம் இருந்தது. எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க பிளாக் ஆபீஸ்காரர்கள் நாலு வருஷத்துக்கு முன்னால் படக்கதைப் புத்தகம் போட்டிருந்தார்கள். கட்டம் கட்டமாகப் படம், ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி. மொத்தம் ஆறு நம்பர். படம் போட வந்தவர் ஆலங்குடி கடைவீதியில் தங்கிக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வரைந்துகொண்டு போனார். எதிரே ஷேக் பரீதின் பலசரக்குக் கடை. ஷேக் பரீது ஜொஹராவின் தம்பி. மாமா கடையில் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்த ஜன்னத் அவருக்குத் தோதாகக் கிடைத்தாள். நாலாம் நம்பர் புத்தகம் முழுக்க அவள்தான். கதையில் பெயர் கமலா. கமலா தன் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுக்கிறாள், அவ்வளவுதான் கதை.

அந்தப் புத்தகம் ஒருநாள் இதே வீட்டுக்கு வந்தது. "அம்மா, நான் புக்குல இருக்கேன் பாரு!" என்று ஜன்னத் தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஜொஹரா பார்த்தாள். மகளின் நெற்றியில் பொட்டு. பக்கத்தில் மீசை வைத்த எவனோ ஒருத்தன், அவன்தான் அப்பாவாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க அத்தா கல்லுக்குண்டு மாதிரி இருக்கையில எவனோ ஒனக்கு அப்பனா? தூக்கிட்டு வேற வாரியா?" என்று பிடுங்கி, அன்றைக்கே தம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் செய்தாள். பிள்ளை சாப்பிடாமல் அழுதுவிட்டுத் தூங்கியது. பாவி, அந்தப் புத்தகத்தை ஒரு ஓரமாகப் போட்டு வைத்திருக்கக் கூடாதா?

"நாலு வருசத்துப் புக்குக்கா. இனிமே எங்கிட்டுப் போய்த் தேடுறது?" என்றான் ஷேக் பரீது.

"கெடைக்காட்டிப் போவுது. தேடலங்குறது இருக்கக் கூடாது. நீ வாரியா, நான் தனியாப் போகவா?"

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் வாசலில் இறங்கிவிட்டதைப் பார்த்து அவனும் கடையைச் சாத்தினான்.

பிளாக் ஆபீஸில் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த ஸ்கீமு முடிஞ்சுபோச்சும்மா. மிச்சம் கெடந்ததப் பழைய பேப்பர்காரனுக்கு ஏலம் விட்டாச்சு" என்றார். எந்தப் பேப்பர்காரன் என்று ஜொஹரா கேட்டாள். அவர் பெயரைச் சொன்னதும் ஷேக் பரீதின் முகம் செத்துப்போயிற்று. அந்த ஆளிடம்தான் அவன் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் பேப்பர் வாங்குவது. அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எத்தனை பேர் வீட்டுக்குக் கடுகும் மிளகும் மடித்துக் கொடுத்தானோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வாசலில் நின்ற பியூனுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "ராத்திரிப் பள்ளிக்கூடம் நடந்த ஊர்கள்ல கேட்டுப் பாருங்கம்மா. ஆவூர்ல நடந்துச்சு, வல்லத்திராக்கோட்டையில நடந்துச்சு" என்றார்.

ஆவூருக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கோயில் தெருவில் சவேரியம்மாள் என்ற ஒரு அம்மாளைக் காட்டினார்கள். அந்த அம்மாள் ராத்திரிப் பள்ளியில் படித்து, பைபிளைத் தானே வாசிக்கிற அளவுக்கு வந்தவள். புத்தகங்களை ஒரு பழைய சேலைத்துண்டில் சுற்றி வைத்திருந்தாள். ஜொஹராவே அவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு.

"நாலாவது எங்கம்மா?"

"அது நல்ல கதை தாயி. எம்மவன் வால்பாறை எஸ்டேட்டுக்குப் போறப்பக் கேட்டு வாங்கிட்டுப் போனான். அங்க லயத்து வீட்டுக்குள்ள மழைத்தண்ணி பூந்து எல்லாம் போயிருச்சாம்." ஜொஹராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குத் தாயி கேக்குறீங்க?" என்றாள் அவள்.

ஜொஹரா சொன்னாள். கேட்டுவிட்டுச் சவேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, மோர் கரைக்க உள்ளே போனாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

மறுநாள் வல்லத்திராக்கோட்டைக்குப் போனபோது ஜொஹராவுக்கு நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. ஆதப்பன் வாத்தியார் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்கள். வாத்தியார் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "இருக்கே!" என்றார். "வாங்க பாய், உக்காருங்க. கவர்மெண்டு பொருள எறியலாமா? ஒரு தாள் கெடாம வச்சிருக்கேன். நாலாம் நம்பரா? பன்னெண்டு காப்பியும் இருக்கு."

தகரப்பெட்டியைத் திறந்து வாத்தியார் ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். மேலட்டையில் அதே மீசைக்காரன், அன்றைக்கு அவள் எரிச்சல்பட்ட அதே மீசை. அவனைப் பார்த்து இன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. அவன் பக்கத்தில் பாவாடை சட்டை போட்டு ஒரு பிள்ளை நின்றது. கழுத்துக்கு மேலே நாலு மூலையும் சரியாக வெட்டி ஒட்டிய பழுப்புக் காகிதம்.

பக்கத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம். அடுத்த புத்தகத்தை எடுத்தாள், அதிலும் அப்படியே.

"அதுவா? அது நான்தான் ஒட்டுனேன்" என்றார் வாத்தியார், கொஞ்சம் பெருமையாகவே. "இந்தப் புத்தகத்தோட பெரிய ரோதனைம்மா. மத்த அஞ்சையும் ஒழுங்காப் படிச்சாங்க. இதத் தொறந்ததும் ஒருத்தரும் எழுத்தப் பாக்க மாட்டேன்னுட்டாங்க. 'கமலா சிலேட்டை எடுத்தாள்'னு போட்டிருக்கும். படிங்கன்னா, 'ஆலங்குடி பரீது பாய் கடைப் புள்ள'ன்னு கோரஸ் பாடுவாங்க. சந்தைக்குப் போறப்பல்லாம் பாத்த புள்ளையாம். ராக்காயின்னு ஒருத்தி, எழுத்தப் பாருன்னா, 'அதான் புள்ளையே நிக்குதே சார், எழுத்து எதுக்கு'ன்னு என்னையே கேக்குறா. நானும் எத்தன நாள் பொறுப்பேன்? ஒக்காந்து எல்லாத்துலயும் மூஞ்சிய மறைச்சுட்டேன். அப்பறம்தான் படிச்சாங்க."

ஷேக் பரீது மெல்ல, "அந்தப் புள்ள இவுக மகதான் சார். இப்ப இல்ல" என்றான்.

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ.

"எத வச்சு ஒட்டுனீங்க?" என்று ஜொஹரா மட்டும் கேட்டாள்.

"புளியங்கொட்டைப் பசைம்மா. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சுனேன்."

புளியங்கொட்டைப் பசை ஒட்டினால் ஒட்டினதுதான், அது யாருக்குத் தெரியாது? இருந்தாலும் வெந்நீர் வைத்தார்கள். ஈரத்துணியைப் போட்டுக் காகிதம் ஊறும்வரை காத்திருந்து, ஜொஹரா நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். மேல் காகிதத்தோடு கீழே இருந்த படமும் சேர்ந்து உரிந்து வந்தது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று அடுத்ததை விட்டாள், அது கூழாயிற்று. ஆவியில் காட்டினார்கள். வாத்தியார் சவரக்கத்தியைக் கொண்டுவந்து தானே குனிந்து சுரண்டிப் பார்த்தார். பொழுது சாயும்போது பெட்டியில் நாலாம் நம்பர் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு கட்டத்தில் ஒரு காதும் ரிப்பனும் கிடைத்தன. இன்னொன்றில் புருவமா மையின் கறையா என்று தெரியாத ஒரு கோடு. அந்தக் காதைக் கையில் வைத்துக்கொண்டு ஜொஹரா வாய்விட்டு அழுதாள். எந்தப் பிள்ளைக்கும் காது அப்படித்தான் இருக்கும்.

ஜைனுதீன் வந்து இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. கொண்டுவந்த பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, மகள் பார்க்க எப்படி இருப்பாள் என்றுதான் முதலில் கேட்டார். ஜொஹரா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பி அனுப்பியதையும் சேர்த்தே சொன்னாள். திட்டுவார், நாலு அறைகூட அறைவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் படத்தப் பாத்தவுக அந்த ஊர்ல இருக்காகல்ல?" என்றார்.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனாள். வாத்தியார் ஓடி ஓடிப் பழைய மாணவர்களைச் சேர்த்தார். ராக்காயி களையெடுப்பிலிருந்து சேறும் கையுமாக வந்தாள். முனியாயி வந்தாள். மதுரைவீரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். பினாங்குச் சட்டையில் நிற்கிறவர் அந்தப் பிள்ளையின் தகப்பன் என்று வாத்தியார் சொன்னதும், எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"பாக்காத ஆளில்லங்க! சந்தைக்குப் போனா அதுகிட்டப் பேச்சுக் குடுக்காம வர முடியாது."

"எங்கிட்டயே வெலை பேசுமுங்க."

"படத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் ஜைனுதீன். "மூஞ்சி எப்படி?"

"உருண்ட மூஞ்சிங்க" என்றாள் முனியாயி.

"ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீள மூஞ்சிங்க அது" என்றான் மதுரைவீரன்.

"நீ கண்டே! உருண்டதான்."

"நீளம்ங்கிறேன்."

ஜைனுதீன் திரும்பி ஜொஹராவைப் பார்த்தார். ஜொஹரா தலையைக் குனிந்துகொண்டாள். உருண்டையா நீளமா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

"அட, சும்மா இருங்கப்பா ரெண்டு பேரும்" என்று ராக்காயி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த மனுஷர் நிற்கிற நிலை அவளுக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது அவருக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். யோசித்து, முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்.

"ஏங்க, வேறெப்படிச் சொல்ல? அச்சு அசல் ஒங்க மக மாதிரியே இருந்துச்சுங்க. ஒரு துளி வித்தியாசம் கெடையாது."

"ஆமாமா, அதான் சரி. அப்படியே ஒங்க மகதாங்க" என்று முனியாயியும் மதுரைவீரனும் சண்டையை விட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

ஜைனுதீன் அந்த மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள்.

"அப்படியா" என்றார்.