ஏழாம் பொறியின் எண்

ஊரில் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேளாண் அலுவலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். செவ்வாயும் வெள்ளியும் பத்து மக்காச்சோள வயல்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் கம்பில் ஒரு பிளாஸ்டிக் பொறி தொங்கும். பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டு அதற்குள் இருக்கும். மயங்கி வந்து விழுந்த ஆண் பூச்சிகளை எண்ணி, நோட்டில் எழுதி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஏறினால் வயல்காரருக்குத் தகவல் போகும். முட்டை பொரிந்து புழு குருத்துக்குள் இறங்குமுன் அவர் மருந்தடித்துவிடலாம். இந்த வாரம் எத்தனை மாப்பிள்ளைகள் ஏமாந்தார்கள் என்று வழியில் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஏழாவது பொறி அவள் தங்கையின் வயலில் இருந்தது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தங்கை களையெடுத்துக்கொண்டிருந்தால் அக்கா குனிந்த தலை நிமிராமல் எண்ணிவிட்டுத் திரும்புவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பெற்ற தாயை வந்து பார்க்க நேரமில்லாதவளுக்குப் பூச்சியை எண்ண மட்டும் நேரம் இருக்கிறது என்று தங்கை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் அங்கே போகவில்லை. முந்தைய எண்ணான நான்கையே மறுபடி எழுதினாள். அடுத்த செவ்வாயும் நான்கு, வெள்ளியும் நான்கு.

அதற்கடுத்த செவ்வாய் மனசு கேட்காமல் போனாள். பொறி நிரம்பி வழிந்தது. அறுபத்திரண்டோடு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்துச் செடியின் குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் போல எச்சம், அடியில் கொழுத்த புழு. பத்துச் செடி பார்த்ததில் எட்டு அப்படி. இனி மருந்தடித்தும் புண்ணியமில்லை.

வயலிலிருந்து நேரே தங்கை வீட்டுக்கு நடந்தாள். தங்கை தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

"பொறிய நான் பாக்கவே இல்ல. மூணு தடவ பொய்யா எழுதினேன். பயிர் போச்சுடி."

மெஷின் நின்றது. தங்கை துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டியிருக்கலாமேக்கா. செடி என்ன பண்ணுச்சு?"

தங்கை கத்தியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

அன்றே அலுவலகத்திலும் உண்மையைச் சொன்னாள். அதிகாரி நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். தங்கையின் கணவர் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மாட்டுத்தீவனத்துக்காவது ஆகட்டும் என்று பச்சையாகவே அறுக்கச் சொல்லிவிட்டார்.

யாரும் கூப்பிடாமலே அவள் அரிவாளோடு போய் நின்றாள். தங்கை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான்கு நாள் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து அறுத்தார்கள். கடைசிக் கட்டு வண்டியில் ஏறிய பிறகு தங்கை பக்கத்தில் வந்தாள்.

"கையெல்லாம் தோகை கிழிச்சிருக்கு. மருந்து போட்டுக்கோ."

அவள் தன் கையைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் தங்கை வண்டியின் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள்.