இரண்டாவது இடம்

பிக்கரிங்கில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் விமான ரிக்கெற் வாங்க ரெக்ஸ்டேல் வரைக்கும் வருகிறாள் என்றால் அதில் ஏதோ ஒளிப்பு இருக்கிறது என்று மக்டலீனுக்குத் தெரியும். வழியில் ஸ்காபரோவில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிக்கெற் கடை. ஆனால் அங்கே போனால் ரிக்கெற் கைக்கு வருமுன் செய்தி அப்பாவின் காதுக்குப் போய்விடும். அதனால்தான் ஒளித்துக் கலியாணம் செய்கிற பிள்ளைகள் நகரத்தின் மறுகோடிக்கு வந்து, சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிற மக்டலீனின் கதவைத் தட்டினார்கள்.

மூன்று வருடத்துக்கு முதல் ஒரு சோடி ஸ்கொட்லாந்து மலையில் தனியாகக் கலியாணம் கட்டவேண்டும் என்று வந்து நின்றது. மக்டலீன் அந்த நாட்டை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவள். ஆனாலும் ஒரு வேலையைத் தொட்டால் அதன் குடலை உருவாமல் விடமாட்டாள். அங்கே உள்ள ஒரு போட்டோகிராபர் பெண்ணைப் போனில் பிடித்தாள். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தப் பாறையில் ஆறு யார்ச் சேலை காற்றில் நிற்கும், எந்த மாதத்தில் கடிபூச்சி முகத்தை மொய்க்கும் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தாள். இதுவரை ஒன்பது சோடிகளை அனுப்பிவிட்டாள். ஒன்பதுக்கும் நல்ல வெயில்.

பத்தாவது சோடி இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. பையன் கௌஷிக், தஞ்சாவூர்ப் பக்கம், கம்பியூட்டர் வேலை. பெண் நதீஷா. பாஸ்போட்டை வாங்கி விரித்த மக்டலீன், குடும்பப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள். அருள்நாயகம்.

"அப்பா எந்த ஊர், பிள்ளை?"

"ஊர்காவற்றுறைப் பக்கம், அன்ரி. ஏன், உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை," என்றாள் மக்டலீன். அன்றைக்கு அவள் சொன்ன முதல் பொய் அது.

தெரியாமலா போகும். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்று. மக்டலீனுக்கு இருபத்துநாலு வயது. சூசைதாசனுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி, கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் சோடியின் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்பார். அது வழக்கத்துக்குச் சொல்லுகிற பேச்சு. ஒருவர் எழும்பி நின்றதை அந்தக் கோயிலில் யாரும் கண்டதில்லை. மூன்றாவது ஓலையில் அருள்நாயகம் எழும்பினான்.

மன்னாரில் ஒரு பெண்ணுக்குச் சூசைதாசன் வாக்குக் கொடுத்து மோதிரமும் போட்டிருக்கிறான் என்றான். அதற்கு ஒரு வருடம் முன்பு மக்டலீனைப் பெண் கேட்டு வந்து, அவளுடைய அப்பா இல்லையென்று அனுப்பிய ஆள் அவன். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஓலையில் ஒருவன் எழும்பிவிட்டால் சுவாமியார் விசாரிக்கத்தான் வேண்டும். மன்னாருக்குக் கடிதம் போய், அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று பதில் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் சூசைதாசனின் வீட்டார் மானம் போய்விட்டது என்று அவனுக்கு வேறிடத்தில் கட்டிவைத்துவிட்டார்கள். ஓலை முறிந்த பெண் என்று மக்டலீனைப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. அவளும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அருள்நாயகத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கனடா வந்து சேர்ந்தாள்.

இப்போது அவனுடைய ஒரே மகள் எதிரில் இருந்து, "அப்பாவுக்குத் தெரியாமல் செய்யவேணும், அன்ரி. எங்களைப்போல வேதக்காரப் பெடியன் இல்லை, இந்து எண்டு இவரை வாசலிலையே நிப்பாட்டிப்போட்டார்," என்கிறாள். தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது.

அவள் வேறொன்றையும் யோசிக்காமல் இல்லை. ஸ்கொட்லாந்திலும் கலியாணப் பதிவாளர் பெயர்களைக் கொஞ்ச நாள் பார்வைக்கு வைப்பார். தடை இருந்தால் யாரும் எழுதிப் போடலாம். அவன் செய்ததையே அவன் மகளுக்குத் திருப்பிச் செய்துவிடலாம். ஒரு பின்னேரம் முழுக்க அந்த நினைப்பைப் பொத்தி வைத்திருந்துவிட்டு உதறினாள். பிள்ளையில் கை வைக்க அவளால் ஏலாது. அந்தப் பொய்க்காரன், மகள் கலியாணத்தில் தனக்கு இடமில்லை என்று அறிந்து குமைய வேண்டும். அது போதும்.

இடம் பார்க்கும் வேலையை அவள் இவ்வளவு கவனமாக முன்பு செய்ததில்லை. கௌஷிக்குக் கிளென் எற்றிவ் ஏரிக்கரை பிடித்தது.

"ஆன்ட்டி, இங்க கரை வரைக்கும் கார் போகுது. மலையும் பின்னாடி அழகா நிக்குது. எதுக்கு மூச்சு வாங்க ஏறணும்?"

"கார் போற இடத்துக்கு எல்லாரும் வருவினம், தம்பி," என்றாள் மக்டலீன். கிளென்கோவில் மலைகளுக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கின் படத்தை எடுத்து மேலே வைத்தாள். கீழே ஆற்றுப் பாலம். பிறகு ஒரு மணித்தியாலம் கல்லுக்கல்லாக ஏற்றம், நடுவில் ஓர் ஓடையைக் கல்லில் கால் வைத்துக் கடக்க வேண்டும். ஏறி முடிந்ததும் வயல் மாதிரி விரிந்த புல்வெளி, சுற்றிவர மலை. "இஞ்சை நீங்களும் கடவுளும்தான். வேறை ஆரும் வரேலாது."

நதீஷா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். உதிலை ஏறமாட்டார்," என்றாள். பிறகு, "ஏறக்கூடியதாய் இருந்தாலும் வரமாட்டார்," என்றாள்.

அந்த முழங்காலை நினைக்க மக்டலீனுக்கு இனித்தது.

ஆனாலும் தொழில் தொழில்தான். மலை ஒருநாளும் சொன்னபடி கேளாது என்று அந்தப் போட்டோகிராபர் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால் எல்லாச் சோடிக்கும் போல இவர்களுக்கும் இரண்டாவது இடம் ஒன்றைக் கோப்பில் வைத்து, பதிவாளருக்கும் அறிவித்தாள். கௌஷிக்கின் மனம் குளிரட்டும் என்று கிளென் எற்றிவ் ஏரிக்கரையையே எழுதினாள். ஒரு சடங்குக்கு எழுதுவது. இதுவரை ஒரு சோடியும் இரண்டாவது இடத்துக்குப் போனதில்லை.

வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி ஏப்ரல் முழுக்க ரொறன்ரோத் தமிழர் தெருவில் நின்றார்கள். வேலைக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு யூனிவர்சிற்றி அவெனியூவில் நின்றார்கள். அருள்நாயகமும் நின்றான். அவனுடைய தம்பி அகஸ்ரின் குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவார் என்று நதீஷா சொன்னாள். அப்படி அவன் இல்லாத ஒரு காலையில், மே மாதம் ஐந்தாம் திகதி, அவள் ஒரு கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு விமானம் ஏறினாள்.

ஏறுவதற்கு முதல் மக்டலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, அப்பா தேடிக்கொண்டு உங்களிட்டை வந்தால், கோபத்திலை வந்தால் சொல்லாதேங்கோ. கோபமில்லாமல் வந்தால் இடத்தைச் சொல்லுங்கோ."

"சரி பிள்ளை," என்றாள் மக்டலீன்.

பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்தது. அன்று இங்கே விக்டோரியா தினம், விடுமுறை. ஒரு பக்கம் தொலைக்காட்சியில் முள்ளிவாய்க்கால். மறுபக்கம் பூங்காக்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாணவேடிக்கை. வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலில் குந்தியிருந்து அழுதார். மக்டலீனும் அழுதாள். அவளுடைய சொந்தங்களும் அங்கேதான் இருந்தன. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அழுது முகம் கழுவிய பிறகு, வாசலில் மணி அடிக்கிறதா என்று அவள் ஒரே ஓர் ஆளுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஊரே செத்த வீடாகக் கிடந்த கிழமையிலும் அந்தக் கோபம் ஒரு வேளை பட்டினி கிடக்கவில்லை.

புதன்கிழமை அவன் வந்தான். நதீஷா கடிதத்தை வைத்துவிட்டுப் போன உறையில் கடையின் பெயர் அச்சடித்திருந்தது.

வயது ஐம்பத்தேழுதான், எழுபது போல இருந்தான். கதிரையைப் பிடித்து முழங்காலை மடக்கி இருந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"நீர்... மக்டலீன்."

"ஓம்."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அகஸ்ரினைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவன்ரை மூண்டு பிள்ளையளைப் பற்றியும் இல்லை. இருக்கிற ஒரு பிள்ளை சனிக்கிழமை கலியாணம் செய்யுது. எந்த மலையெண்டு எழுதேல்லை. எனக்கு ஒரு ரிக்கெற் போட்டுத் தாரும். இடத்தையும் சொல்லும். நான் ஒண்டும் குழப்பமாட்டன். ஒரு பக்கத்திலை நிண்டு பார்த்துப்போட்டு வாறன்."

கோபமில்லாமல் வந்திருக்கிறான். கோபத்தோடு வந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். கதவைக் காட்டி, 'ஓலையில் எழும்பினவருக்குக் கலியாண வீட்டில் இடமில்லை' என்று சொல்ல அவள் இருபத்தெட்டு வருடமாக ஒரு வசனத்தைக் கூர் தீட்டி வைத்திருந்தாள். இந்த ஆளிடம் அதைச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். அது காணாது. போகட்டும். கடலைத் தாண்டிப் போகட்டும். வெளிக்கிட்டு, தலைவாரி, மகள் வருவாள் என்று ஒரு வெறுங்கரையில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவளும் மன்னாரிலிருந்து பதில் வருமென்று எட்டு மாதம் கோயில் வாசலில் அப்படித்தான் நின்றவள்.

வியாழன் பின்னேர விமானத்துக்கு ரிக்கெற் போட்டாள். பிறகு கோப்பைத் திறந்தாள். முதல் தாளில் கிளென்கோ, அடுத்த தாளில் கிளென் எற்றிவ். பொய் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. அடுத்த தாளை எடுத்து நீட்டினாள்.

"சனிக்கிழமை பதினொரு மணி. கரை வரைக்கும் கார் போகும். உம்மடை காலுக்குச் சுகம்."

அவன் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நதீஷாவுக்குக் கொடுத்த வாக்கு அன்றிரவு கொஞ்சம் குத்தியது. அப்பா வராததால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அவர் வருவது அவளுக்குத் தெரியவே தெரியாதே என்று அதைத் தட்டி அடக்கினாள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கிழமைக்கு முன்பிருந்தே அங்கத்தைய வானிலையைப் பார்ப்பது அவள் வழக்கம். அந்தக் கிழமை பார்க்கவில்லை. அவள் வேறு யோசனையில் இருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் இருந்தாள். அங்கே பதினொரு மணி. இப்போது அவன் மணிக்கூட்டைப் பார்ப்பான். ஏழு மணி. இப்போது ரோட்டைப் பார்ப்பான். எட்டு மணிக்கு அவனுக்கு விளங்கும். நெடுநாளைக்குப் பிறகு மக்டலீன் அன்று இரண்டு துண்டு பாண் கூடச் சாப்பிட்டாள்.

பன்னிரண்டு மணிபோலக் கடைப் போன் அடித்தது. நதீஷா.

"அன்ரி, உங்களை எப்பிடிக் கும்பிடுறதெண்டே தெரியேல்லை."

"என்ன பிள்ளை?"

"இரவிரவாய் இஞ்சை சரியான மழை. ஓடை பெருகி மேலை போகேலாமல் போச்சு. போட்டோகிராபர் காலமையே சொல்லிப்போட்டா, ரெண்டாவது இடத்துக்குப் போவமெண்டு. ஏரிக்கரையிலை போய் இறங்கினால் அப்பா நிக்கிறார், அன்ரி. கோட்டும் சூட்டும் போட்டு, தலையிலை ஒரு பிளாஸ்ரிக் பையைப் பிடிச்சுக்கொண்டு. நாங்கள் வரமுதலே வந்து நிண்டவராம். ரெண்டு சாட்சி வேணுமெல்லே, ஒரு கையெழுத்து அப்பாதான் போட்டவர். நீங்கள்தான் மழையை முன்னமே பார்த்து அப்பாவை நேரை அங்கை அனுப்பினனீங்கள் எண்டு கௌஷிக் சொல்லுறார். பொறுங்கோ, அப்பா கதைக்கப் போறாராம்."

மக்டலீன் கோப்பில் மிஞ்சிக் கிடந்த முதல் தாளைப் பார்த்தாள்.

"மக்டலீன்." அவன் குரல் தடிமனாக இருந்தது. "அந்தத் தாளை உம்மடை கையாலை வாங்கேக்கை நான் யோசிச்சனான். நான் உமக்குச் செய்ததுக்கு நீர் என்னைப் பிழையான மலைக்கு அனுப்பலாம். ஆரெண்டாலும் அனுப்புவினம். நீர் அனுப்பேல்லை. அண்டைக்குக் கோயிலிலை நான் சொன்னது பொய். உங்கடை வீட்டிலை பொம்பிளை தரேல்லையெண்ட எரிச்சல். அதை உமக்குச் சொல்லாமல் நான் சாகக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

இருபத்தெட்டு வருடம் அவள் காத்திருந்த சொல். அது வந்துவிட்டது, அவள் செய்யாத ஒரு நன்மைக்குப் பரிசாக. பேசாமல் 'ஓம்' என்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனிசன் நன்றி சொல்லிக்கூட அவளைத் தோற்கடிக்கிறான்.

"அருள்நாயகம், கேளும்," என்றாள். "நான் உமக்குப் பிழையான இடத்தைத்தான் தந்தனான். நீர் அங்கை தனிய நிண்டு அழவேணுமெண்டுதான் தந்தனான். மழை வந்து கெடுத்துப்போட்டுது."

தூரத்தில் நதீஷா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கிளாஸ் முட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பிடியோ," என்றான் கடைசியில். குரலில் கோபமில்லை. "அண்டைக்கு உமக்கும் இப்பிடி ஒரு மழை பெய்திருக்கலாம்."

போனை நதீஷா திரும்ப வாங்கினாள்.

"அன்ரி, அப்பாவுக்கு என்ன சொன்னனீங்கள்? சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறார். சந்தோஷத்திலையாக்கும்."

மக்டலீனும் கண்ணைத் துடைத்தாள். அது ஆத்திரத்தில்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "அழட்டும், விடு."